கழுத்து நிற்காத குழந்தை: வீட்டிலேயே வலு சேர்ப்பது எப்படி?

(இளங்குழந்தைகளின் பெற்றோருக்கான கூட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையில் பணியாற்றும் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் உங்கள் கையில் இருக்கிற போனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு முடியும்போது அந்தப் போனில் மூன்று வேலைகள் செய்யச் சொல்லப்போகிறேன். குழந்தைக்குப் பாட்டு வீடியோ போட்டுக் காட்டுவது அந்த மூன்றில் இல்லை. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே இப்போதைக்குப் போனைப் பையில் வையுங்கள். வேலை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு அம்மா ஒன்பது மாதப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தே பூ கட்டிக் கொடுக்கிறவர். பிள்ளை துணி மூட்டை மாதிரி தோளில் ஒட்டிக் கிடந்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் கைக்குள்ளிருந்து நழுவுகிறான். படுக்க வைத்தால் கால் இரண்டும் தவளை போல விரிந்துவிடுகிறது. கழுத்து இன்னும் முழுசாக நிற்கவில்லை. "ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் தானா சரியாயிடும்னு சொன்னாங்க. இவங்க அப்பாவே லேட்டாத்தான் நடந்தாராம். ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் வரும்னாங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றி இருக்கிற எல்லாரும் அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அன்பான வார்த்தையில் ஐந்து மாதம் போய்விட்டது. அப்படி இன்னொரு வீட்டில் போகக்கூடாது என்பதற்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொய்வு வேறு, சோம்பல் வேறு

நம் எல்லார் தசையிலும், சும்மா இருக்கும்போதுகூட, ஒரு சின்ன இறுக்கம் இருக்கும். அந்த இறுக்கம் குறைவாக இருந்தால் உடம்பு துவளும். மருத்துவர்கள் இதை ஹைப்போடோனியா என்று எழுதுவார்கள். கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் சுலபமாக எழுந்துவிடலாம். தொய்ந்து போயிருந்தால் எழுவதற்கே இரண்டு மடங்கு முயற்சி வேண்டும். இந்தக் குழந்தைகள் தொய்ந்த கட்டிலிலிருந்து எழுகிறவர்கள். சோம்பேறிகள் இல்லை. மற்ற குழந்தைகளைவிட அதிகமாக உழைக்கிறவர்கள்.

இது ஒரு நோயின் பெயர் இல்லை, ஓர் அறிகுறி. பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். குறைமாதப் பிறப்பாக இருக்கலாம். பிறந்தவுடன் மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கலாம். இதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, தினம் ஒரு மாத்திரையில் சரிக்கட்டலாம். ஆனால் தாமதித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். அம்மாவுக்கு வைட்டமின் பி12 குறைவாக இருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையும் துவளலாம். எஸ்.எம்.ஏ. என்கிற தசைநார் நோயில் முகம் பளிச்சென்று இருக்கும், சிரிக்கும், ஆனால் கால் அசைவு குறைந்துகொண்டே போகும். அதற்கு இன்று மருந்துகள் வந்துவிட்டன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

அதனால் முதல் வேலை மருத்துவரிடம் காட்டுவது. காரணம் தெரியாமல் வீட்டுப் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருக்கக் கூடாது. அதே சமயம், எல்லாப் பரிசோதனை முடிவும் வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நன்றாக வளரும் குழந்தைகள் ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் பிடிமானமில்லாமல் உட்காருகிறார்கள். 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் தனியாக நடக்கிறார்கள். இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள். அதனால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதம் முடிந்தும் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பிறந்ததிலிருந்தே துவளுகிறது என்றால் அந்த மாதக் கணக்குக்கும் காத்திருக்க வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்துவிட்டு வயதைப் பாருங்கள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், அதை நான்கு மாதக் குழந்தையாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று வரை நன்றாக இருந்த குழந்தை திடீரென்று துவண்டால், பால் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், அது பயிற்சிக்கான நேரம் இல்லை. உடனே 108. அதேபோல, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றைக் குழந்தை மறந்துபோனால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

வலு எங்கிருந்து வரும்?

அந்தப் பூக்கார அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தினம் எத்தனை மணி நேரம் எக்சர்சைஸ் கொடுக்கணும்?" அவர் ஏற்கனவே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். காலையும் மாலையும் அரை மணி நேரம் எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் மடக்கி நீட்டி விடுவார். பிள்ளை கண்ணை மூடிச் சுகமாகக் கிடப்பான்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் கையைக் காலை ஆட்டிவிட்டால் வேலை செய்வது நம் தசை. குழந்தை தானாக முயலும்போதுதான் அதன் தசைக்கு வலு ஏறும். எண்ணெய் தேய்ப்பது தப்பில்லை, குழந்தைக்கும் சுகம், நமக்கும் ஒட்டுதல். ஆனால் அது பயிற்சி ஆகாது. நம் வேலை, குழந்தை முயல்வதற்கு ஓர் இடமும் ஒரு காரணமும் கொடுத்துவிட்டு, கொஞ்சம் காத்திருப்பது. இந்தக் குழந்தைகள் மெதுவாகத்தான் பதில் தருவார்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எட்டு வந்ததும் நாமே தூக்கிவிட்டால், அந்த ஒன்பதாவது நொடியில் அவன் செய்திருக்கக் கூடியதை நாம் பறித்துக்கொண்டோம்.

தசையின் அடிப்படைத் தொய்வு பயிற்சியால் முழுசாக மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலுவும், உடம்பைச் சமாளிக்கிற பழக்கமும் கட்டாயம் கூடும். உட்காரவும் நிற்கவும் நடக்கவும் அதுதான் வேண்டும்.

குப்புறப் படுப்பது

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்பார்கள். குழந்தை கையைத் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி, அப்படியும் இப்படியும் ஆடுகிற பருவம். அந்த ஊன்றுதலில்தான் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலுப்பெறுகின்றன. துவளுகிற குழந்தை குப்புறப் போட்டதும் அழும். அழுகிறதே என்று நாம் மல்லாத்திவிடுவோம். அதற்கப்புறம் ஊன்றுவதற்கு அதற்கு வாய்ப்பே வராது.

அழாமல் தொடங்க வழி இருக்கிறது. முதலில் தரை வேண்டாம், உங்கள் மார்பு போதும். நீங்கள் தலையணையில் சாய்ந்து படுங்கள். குழந்தையை உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுப் பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். அப்பாக்கள் செய்யக்கூடிய அருமையான வேலை இது. சில நாள் கழித்து மடியில் குறுக்காகப் போடுங்கள். பிறகு தரையில் பாய் விரித்து, மேலே ஒரு போர்வை. மெத்தை வேண்டாம், புதையும். ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, இரண்டு கையையும் துண்டுக்கு முன்னால் கொண்டுவந்து விடுங்கள். எதிரில் நீங்களும் படுத்துக்கொண்டு முகத்தைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பளபளக்கிற எவர்சில்வர் சொம்பை உருட்டிவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு நிமிடம் போதும். ஆனால் நாளைக்கு எட்டு, பத்து தடவை. இன்னும் தவழாத குழந்தைகள் விழித்திருக்கும்போது நாள் முழுக்கச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புற இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதை மெதுவாக எட்டினால் போதும். பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். குழந்தை விழித்திருக்க வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூங்கும்போது எப்போதும் மல்லாக்கத்தான்.

அந்த அம்மாவுக்கு நான் தனி நேரம் எதுவும் சொல்லவில்லை. "பூ கட்டும்போது எங்க உக்காருவீங்க?" என்று கேட்டேன். தரையில்தான். "அப்ப பிள்ளையை எதிர்ல பாய்ல குப்புறப் போடுங்க. கைக்கு எட்டாத தூரத்துல பூ இருக்கட்டும். உங்க விரலை அவன் பார்க்கட்டும்" என்றேன். அவ்வளவுதான். ஒரு முழம் கட்டி முடித்ததும் மல்லாத்திவிடலாம். அடுத்த முழத்துக்குத் திரும்பவும்.

நாள் முழுக்க இருக்கிற வேலையிலேயே

தூக்கும்போது: கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். துவளுகிற குழந்தையின் மூட்டுகள் தளர்வாக இருக்கும். தோளுக்கும் கழுத்துக்கும் பின்னால் ஒரு கை கொடுத்து, பக்கவாட்டில் திருப்பித் தூக்குங்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தைக்கு ஒருக்களித்துத் திரும்புகிற பழக்கம் வரும்.

குளிப்பாட்டும்போது: காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டியின் முறை நல்ல முறை. தலையைத் தூக்க அது நல்ல சந்தர்ப்பம். ஆனால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, உடம்பைக் குலுக்குவது, கழுத்தை உருவுவது வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது கண்டிப்பாக வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்கு இருமிக் கக்குகிற சக்தி குறைவு, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். சாம்பிராணிப் புகையும் அதே காரணத்தால் வேண்டாம்.

பால் கொடுக்கும்போது: படுக்க வைத்து ஊற்றாதீர்கள். தலை உடம்பைவிட உயரமாகவும், முகவாய் மேலே அண்ணாந்து போகாமலும் இருக்கட்டும். அடிக்கடி புரையேறினாலோ, பால் குடிக்கும்போது வியர்த்துக் களைத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இது முக்கியம்.

படுத்திருக்கும்போது: விழித்திருக்கிற நேரத்தில் தொடையின் வெளிப்பக்கம் இரண்டு புறமும் சுருட்டிய துண்டு வையுங்கள், கால் விரிந்து கிடக்காது. கொஞ்ச நேரம் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் துண்டு முட்டுக் கொடுத்தால், இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் வந்து சேரும். கிலுகிலுப்பையைப் பிடிக்கப் பழக அதுதான் சுலபமான நிலை.

உட்காரும்போது: கழுத்து நின்ற பிறகுதான். உங்கள் மடியில் உட்கார வைத்து முதலில் நெஞ்சுப் பக்கம் பிடியுங்கள். சில வாரம் கழித்துப் பிடியை இடுப்புக்கு இறக்குங்கள். பிடி கீழே இறங்க இறங்க, முதுகுக்கு வேலை கூடும். சாய்ந்தாடுகிற விளையாட்டு, சப்பாணி கொட்டுவது எல்லாம் நம் பாட்டிகள் வைத்திருந்த இயன்முறைப் பயிற்சிகள்தான். மெதுவாகச் சாய்த்து, அவனே நிமிரட்டும் என்று காத்திருங்கள்.

நிற்கும்போது: முட்டி போட்டு ஒரு குட்டை முக்காலியைப் பிடித்து நிற்பது முதல் படி. எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சையாளர் சொல்வார். உட்கார வைத்துத் தள்ளுகிற சக்கர வாக்கர் வாங்காதீர்கள். விபத்துகள் காரணமாகக் கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. அதில் குழந்தை தன் எடையைத் தாங்குவதில்லை, நுனிக்காலில் தள்ளிக்கொண்டு போகும். நம் ஊர் மர நடைவண்டி வேறு. அது நிற்கப் பழகிய பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூளியில் ஆட்டினால் குழந்தை அழாது, நமக்கும் வேலை ஓடும். ஆனால் தூளிக்குள் ஊன்றுவதற்குத் தரை இல்லை. உடம்பு வளைந்தே கிடக்கும். விழித்திருக்கிற நேரம் முழுக்கத் தூளியில் போனால், அந்த நாள் பயிற்சி இல்லாத நாள்.

தேன் விஷயம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுகிறார்கள். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து, உடம்பையே துவள வைக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று குழந்தையே சொல்லும். தலை தொங்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும். அப்போது தூக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். வீட்டில் காய்ச்சல் இருக்கும், விசேஷம் இருக்கும். மறுநாள் தொடரலாம்.

இப்போது போனை எடுங்கள்

முதல் வேலை: பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே கோணத்தில், ஒரு நிமிட வீடியோ எடுங்கள். குப்புறப் போட்டு இருபது நொடி, மடியில் இருபது நொடி, மல்லாக்க இருபது நொடி. தினமும் பார்க்கிற நமக்கு முன்னேற்றம் தெரியாது. இரண்டு மாத வீடியோவை அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும். மருத்துவமனையில் குழந்தை தூங்கிவிட்டாலும் மருத்துவருக்குக் காட்டலாம். அதை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அது உங்களுக்கும் சிகிச்சையாளருக்கும் மட்டும்.

இரண்டாம் வேலை: பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் நல அட்டை, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். "அழுதானா, எத்தனை வாரத்தில் பிறந்தான், எடை எவ்வளவு" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள்.

மூன்றாம் வேலை: 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ, உங்கள் கிராம சுகாதார செவிலியருக்கோ போன் செய்து, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே, எந்த நாளில் போகலாம் என்று கேளுங்கள். டி.இ.ஐ.சி. என்றால் மருத்துவமனையில் உடனே புரியும். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். அங்கே உங்கள் குழந்தைக்கு என்று பயிற்சி எழுதிக் கொடுப்பார்கள். இணையத்தில் பார்க்கிற வீடியோ வேறு ஏதோ ஒரு குழந்தைக்கு எடுத்தது. "ஒரே மாதத்தில் நடக்க வைக்கும் எண்ணெய்" என்று போனில் விளம்பரம் வரும். பணம் அனுப்புவதற்கு முன் உங்கள் சிகிச்சையாளரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பின்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னால் தயங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உதவும். அட்டை வாங்கினால் குழந்தைக்கு முத்திரை குத்திவிட்டதாக அர்த்தம் இல்லை. உரிய உதவிக்கு அது ஒரு வழி.

அந்தப் பூக்கார அம்மாவின் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பரிசோதனையில் தெரிந்தது. தைராய்டும் குறைவாக இருந்தது, மாத்திரை தொடங்கினார்கள். இப்படிப்பட்ட பல குழந்தைகள் இரண்டு வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது மாதம் போனை நீட்டினார். வீடியோவில் பூக்கூடை, பாய், பிள்ளை. தலையைத் தூக்குகிறான், கை நடுங்குகிறது, ஊன்றிக்கொள்கிறான், அம்மாவின் விரலைப் பார்க்கிறான். பக்கத்தில் பாட்டியின் குரல், "தூக்கிராத, தூக்கிராத, அவனே வருவான்" என்கிறது.

பாட்டி சொன்னதுதான் நான் இன்று சொல்ல வந்ததும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், குழந்தை விழித்திருந்தால், பாலும் செரித்திருந்தால், ஒரே ஒரு நிமிடம் உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுப் பேசுங்கள். நாளைக் காலையில் அந்தப் போனைச் செய்யுங்கள்.